யாருடைய வீட்டுப் பொருள்கள்? சிறுவர் பௌதிகப் பரிசோதனை நூல்கள் பற்றி ஒரு விமர்சனம்

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954ஆம் ஆண்டு தோன்றிய காலந்தொட்டு, நம்மவர் படைப்புகளில் இந்த மண்ணின் வாசனை வீசவேண்டும், இங்கு உழைக்கும் மக்களின் வாழ்வும் வழக்கும் இடம்பெறவேண்டும் என்ற கோரிக்கை ஓங்கி ஒலித்துவந்தது. சிறுகதையையும் நாவலையும் கவிதையையும் அந்த அளவுகோல் கொண்டு அளந்தோம். ஆனால் சிறுவர் கையில் நாம் கொடுக்கும் விஞ்ஞான நூலை நோக்கி அந்தக் கேள்வியை எழுப்பினோமில்லை. விஞ்ஞானத்துக்கு நாடேது, வர்க்கமேது என்று எண்ணிவிட்டோம் போலும்! புவியீர்ப்பு விதிக்கு நாடு இல்லை என்பது மெய்தான். ஆனால் அவ்விதியைக் கற்பிக்க எழுதப்படும் நூலுக்கு ஓர் ஆசிரியர் உண்டு; அவருக்கு ஒரு வீடு உண்டு; அந்த வீட்டிலே சில பொருள்கள் உண்டு, சில பொருள்கள் இல்லை. நமது விமர்சனம் அங்கேதான் தொடங்கவேண்டும்.

'வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு எளிய பௌதிகப் பரிசோதனைகள்' என்ற வகையில் தமிழில் வெளிவரும் நூல்களுக்கும் சிறுவர் இதழ்ப் பக்கங்களுக்கும் குறைவில்லை. அவற்றின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. தேவையான பொருள்கள் எவை, செய்முறை யாது, நிகழ்வது என்ன, காரணம் என்ன என்று நான்கு தலைப்புகள்; பக்கத்தில் ஒரு படம்; படத்திலே மேசைமுன் நின்று சிரிக்கும் ஒரு சிறுவன். தேவையான பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்: கண்ணாடிக் குவளை, பலூன், வினாகிரி, இரண்டு முட்டை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த பனிக்கட்டி. 'இவையெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்' என்று ஆசிரியர் அன்போடு உறுதி கூறுகிறார்.

யாருடைய வீட்டில்? தலவாக்கலைக்கும் அட்டனுக்கும் இடையே, பெயரைக் கேட்டதும் உலகத்துத் தேயிலை வியாபாரிகள் நிமிர்ந்து உட்காரும் திம்புள்ளப் பிரதேசத்திலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழும் பிள்ளை இந்த நூலைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காம்பராவிலும் பொருள்கள் உண்டு. கரி பிடித்த கேத்தல் உண்டு. தேங்காய்ச் சிரட்டை, தகரப் பேணி, பிளாஸ்ரிக் போத்தல், கயிறு, மெழுகுவர்த்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, எல்லாம் உண்டு. முட்டையும் ஒருவேளை இருக்கலாம். ஆனால் அதைப் போத்தலுக்குள் இறக்கி வேடிக்கை பார்ப்பதற்குக் கொடுக்கும் தாய் அங்கில்லை. அது நான்குபேருக்குப் பங்கிடவேண்டிய கறி. பட்டியலின் முதல் வரியிலேயே அந்தப் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: விஞ்ஞானம் நம்மைப் போன்றோர் வீட்டில் நடப்பதன்று. நூலாசிரியர் கற்பிக்க எண்ணாத பாடம் இது. ஆயினும் மனத்திலே முதலில் பதிவது இதுவே.

இவ்வகை நூலின் பிறப்பை நினைவுகூர்ந்தால் இந்த முரண்பாடு இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரில் பள்ளிக்கூடங்களும் ஆய்வுகூடங்களும் தரைமட்டமாகிக் கிடந்த நாடுகளின் ஆசிரியர்களுக்கென, ஜே. பி. ஸ்டீபன்சன் எழுதிய ஒரு சிறு கைநூலை யுனெஸ்கோ நிறுவனம் 1948ஆம் ஆண்டு வெளியிட்டது. கருவிகள் இல்லாத இடத்தில் கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு பரிசோதனை நடத்தும் வழிகளை அது கூறிற்று. போரால் அழியாவிட்டாலும் ஆய்வுகூடத்தையே கண்டறியாத பல நாடுகளின் ஆசிரியர்களும் அதைத் தேடிப் பெற்றனர். அந்த விதையிலிருந்தே 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூல் வளர்ந்தது. இல்லாமையில் பிறந்தது இந்த இலக்கிய வகை. உள்ளவர் வீட்டு விடுமுறைப் பொழுதுபோக்காக அது மாறியது பின்னர் நேர்ந்த கதை.

பொருள்களின் பட்டியலோடு நமது வழக்கு முடிந்துவிடவில்லை. முட்டைக்குப் பதில் சிரட்டை என்று மாற்றிவிட்டால் நூல் திருந்திவிடும் என்று எண்ணுவது மேலோட்டமான பார்வை. பரிசோதனை என்ற சொல்லுக்கு இந்நூல்கள் என்ன பொருள் கொடுக்கின்றன என்பதே ஆழமான கேள்வி. அதை அறிய, இந்நூல்கள் பலவற்றில் இடம்பெறும் இரண்டு பரிசோதனைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மெழுகுவர்த்திப் பரிசோதனை. தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் குவளைக்குள் ஏறுகிறது. 'காற்றில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். அது எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்தை நீர் நிரப்புகிறது' என்பது நூலின் விளக்கம். தலைமுறை தலைமுறையாக ஆசிரியரும் மாணவரும் இதை ஒப்புவித்து வந்திருக்கின்றனர். ஆனால் இது பிழையான விளக்கம். சுடர் அணையும்போது குவளைக்குள் ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. கணிசமான பங்கு எஞ்சியே இருக்கிறது. எரிந்த ஒட்சிசனுக்கு ஈடாகக் காபனீரொட்சைட்டு வாயுவும் உண்டாகிறது. நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பம். சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அமுக்கம் நீரை உள்ளே தள்ளுகிறது.

இதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்றை ஏற்றி அதே குவளையைக் கவிழ்த்தால் போதும். குவளையிலுள்ள காற்று முன்போன்ற அளவுதான். ஆனால் நீர் முன்னிலும் உயர ஏறும். ஒட்சிசன் விளக்கம் அங்கேயே சரிந்துவிடும். கூர்ந்து பார்க்கும் பிள்ளை இன்னொன்றையும் காணும்: நீர் பெரும்பாலும் ஏறுவது சுடர் எரியும்போதல்ல, அணைந்த பின்னரே. கண்ணெதிரே நடப்பது நூலைப் பொய்யாக்குகிறது. இருந்தும் நூல் தொடர்ந்து அச்சாகிறது. ஏன்? எழுதியவர் பரிசோதனையைச் செய்து பார்க்காமல் வேறொரு நூலைப் பார்த்து எழுதினார்; அந்த நூலின் ஆசிரியர் இன்னொரு நூலைப் பார்த்தார்.

இரண்டாவது, மூன்று துளைப் போத்தல். போத்தலின் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்பினால், ஆழத்தோடு அமுக்கம் கூடுவதால் அடித்துளை நீரே மிகத் தொலைவில் விழும் என்று நூல் கூறும். படமும் அவ்வாறே வரையப்பட்டிருக்கும். திம்புள்ளப் பிள்ளை இதைப் பீலிக்கரையில் செய்து பார்க்கட்டும். பீலித் தண்ணீர் போத்தலுக்குள் விழுந்துகொண்டேயிருந்தால் நீர்மட்டமும் குறையாது. சமதரையில் வைத்த போத்தலில் முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் இருந்து, துளைகள் கால், அரை, முக்கால் உயரங்களில் அமைந்தால், மிகத் தொலைவில் விழுவது நடுத்துளை நீர். மேல்துளை நீரும் கீழ்த்துளை நீரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும். கீழ்த்துளை நீர் அதிக வேகத்துடன் புறப்படுவது உண்மையே. ஆனால் அது தரையைத் தொட எடுக்கும் நேரம் குறைவு. மேல்துளை நீருக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. போத்தலை அதன் நீர்மட்ட உயரத்துக்குக் குறையாத ஒரு கல்லின்மேல் தூக்கி வைத்தால் நூற்படம் மெய்யாகும். எத்தனை அழகான சிக்கல் இது! ஒரு போத்தலும் ஒரு கல்லும் கொண்டு, 'எப்போது நூல் சரி, எப்போது பிழை' என்று ஒரு பிள்ளை தானே வரையறுக்க முடிகிறது. இந்த அழகைத்தான் நூலின் முன்கூட்டிய விடை கொன்றுவிடுகிறது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். அது பரிசோதனை நூலோடு பாடநூலுக்கும் உரியது. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். கடல்மட்டத்துக்கு அது பொருந்தும். திம்புள்ளத் தேயிலை விளையும் மலைகளோ 1,100 முதல் 1,600 மீற்றர் வரை உயர்ந்தவை. அங்கே கேத்தல் தண்ணீர் ஏறத்தாழ 95, 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94ஐ ஒட்டி. பருப்பு வேகச் சுணங்குவதை மலையகத்துத் தாய்மார் அடுப்படியில் அறிவர். ஆனால் அந்த அனுபவத்துக்கும் பாடநூலுக்கும் இடையே பாலமிட எவருமில்லை. தன் வீட்டு அடுப்பில் மெய்யல்லாத ஒன்றை மெய்யென்று எழுதினால்தான் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கிறது.

இம்மூன்றும் ஒன்றையே காட்டுகின்றன. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குச் சாட்சி சொல்லப் பொருள்களை அழைக்கும் நூல் பரிசோதனை நூலன்று. அது கீழ்ப்படிதலைப் பழக்கும் நூல். கண் ஒன்றைக் காண, வாய் வேறொன்றைச் சொல்லப் பழகும் பிள்ளை, வளர்ந்த பிறகும் அப்படியே பழகும். ஆகவே இவ்வகை நூலை மதிப்பிட நாம் முன்வைக்கும் அளவுகோல் இது: தன்னைப் பொய்ப்பிக்கும் வாய்ப்பை அது பிள்ளைக்குக் கொடுக்கிறதா? கொடுக்குமானால் நல்ல நூல். இல்லையேல் படம் எத்தனை வண்ணமாக இருந்தாலும் பயனில்லை.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்று சிலர் கூறலாம். அவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலில் பயிலுநராக இருந்த மைக்கேல் பரடே, லண்டனில் 1860ஆம் ஆண்டு இறுதியிலும் 1861ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் சிறுவர்க்கு நிகழ்த்திய பேருரைகளுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாதாரண மெழுகுவர்த்தி. அவ்வுரைகள் 'மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு' என நூலாயின. சுடரின் ஒவ்வொரு பகுதியையும் நோக்கி, ஏன் என்று கேட்டு, அதற்கு அடுத்த பரிசோதனையால் விடை தேடுவதே அதன் முறை.

மற்றையது நமக்கு அண்மையானது. 1972ஆம் ஆண்டு இந்தியாவின் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், பதினாறு நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய நிலையம் ஆகிய இரு அமைப்புகள் அதை முன்னின்று நடத்தின. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பணியாற்றிய விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு அமர்ந்து பாடங்களை உருவாக்கினர். அங்கு பயன்பட்ட 'பால் வைஞ்ஞானிக்' என்னும் நூலில் கேள்விகளும் செய்முறைகளும் இருந்தன, விடைகள் இல்லை. பிள்ளைகள் குழுவாகச் செய்து, கண்டதை எழுதி, தம்முள் வாதித்து முடிவுக்கு வந்தனர். பரீட்சையிலும் நூலைத் திறந்துவைத்து எழுதலாம். பின்னர் அது மாவட்டம் முழுவதற்கும் அப்பாலும் பரவி, முப்பதாண்டுகள் நிலைத்தது. 2002ஆம் ஆண்டு மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகள் எந்த அரசுக்கும் வசதியானவர்களல்லர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அத்திட்டத்தோடு 1978ஆம் ஆண்டு இணைந்த பொறியியலாளர் அர்விந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவங்கள் சமைத்துப் புகழ் பெற்றார். கிராமத்துச் சந்தையில் மலிவாகக் கிடைத்த பொருளை அவர் எடுத்துக்கொண்டார் என்பதே அவரிடம் கற்கவேண்டிய பாடம். அதை விட்டுவிட்டு வால்வுக் குழாயை மாத்திரம் அப்படியே மொழிபெயர்த்தால், சைக்கிள் அரிதான செங்குத்துத் தோட்டப் பாதைகளில் வளரும் பிள்ளைக்கு அதுவும் ஓர் அந்நியப் பொருளே. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு முதல் இயங்கும் அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் தமிழில் இத்துறையில் ஆற்றிய தொண்டு பெரிது. அதைப் பாராட்டுவோம், ஆயினும் மலையகத்துக்கு வேண்டிய நூலை மலையகத்திலிருந்துதான் எழுதவேண்டும்.

அப்படி ஒரு நூல் எழுதப்பட்டால் அதன் நடுநாயகமாக எந்தக் கருவி இருக்கும்? தராசு. தேயிலைத் தோட்டத்தின் வாழ்வு முழுவதும் தராசைச் சுற்றியே நடக்கிறது. காலையில் பெரட்டு முடிந்து மலை ஏறும் பெண், பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிறாள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அல்லது அதற்கு மேல் என்று அளவு வைத்திருக்கின்றனர். அந்த அளவு நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். சம்பளச் சபை 2021ஆம் ஆண்டு நாட்கூலியை 1,000 ரூபாயாக நிர்ணயித்த பின்னர், பறிக்கவேண்டிய அளவு கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் பல இடங்களில் முறையிட்டனர். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று நிறையில் கழிக்கும் வழக்கமோ நெடுங்காலக் குறை. மழைநாளில் கழிக்கிறார்கள், சில இடங்களில் வெயில்நாளிலும் கழிக்கிறார்கள் என்று பெண்கள் கூறுகின்றனர். அவர்கள் சொல்வதற்குச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்?

பௌதிகத்திடம் போகலாம். ஒரு நேரான கம்பு, நடுவே ஒரு கயிறு, இரு முனையிலும் இரண்டு சிரட்டைகள்; தராசு ஆயிற்று. ஒரு பக்கம் கல்லும் மறுபக்கம் மணலும் இட்டுச் சமன்செய்த பின்னர் இரண்டையும் இடம்மாற்றிப் போடவேண்டும். மீண்டும் சமன் நின்றால் தராசின் இரு கைகளும் சமம். சாய்ந்தால் தராசு பிழை. எந்த அதிகாரியையும் கேளாமல் ஒரு தராசை அதனைக் கொண்டே சோதிக்கும் வழி இது. ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்று அறிந்த பிள்ளை, பத்து லீற்றர் போத்தல்களைத் தொங்கவிட்டு எந்த விற்றராசையும் சரிபார்க்கலாம். வெறும் போத்தல்களின் சிறு நிறையைச் சேர்த்துக்கொண்டால் போதும். மழைக்குப் பின் வேலியோர இலையை ஒரு கூடை பறித்து நிறுத்து, துணியில் பரப்பி ஒற்றியெடுத்து மறுபடி நிறுத்தால், இலைமேல் ஒட்டிய நீர் கூடைக்கு எவ்வளவு என்பது தெரியவரும். அதையே வெயில்நாளில் செய்து பார்க்கட்டும். இரண்டு எண்களும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கழிப்பு நியாயமா என்ற கேள்வியை ஆசிரியர் கேட்கவேண்டியதில்லை, எண்களே கேட்கும்.

சிறுவர் நூலில் அரசியலைப் புகுத்துவதா, பிள்ளைகளின் வியப்பையும் விளையாட்டையும் கெடுப்பதா என்று அன்பர்கள் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். தராசில் அரசியலைப் புகுத்தியவர் நாமல்லர். பிள்ளையின் வியப்பும் எங்கும் போய்விடாது. மூன்று துளைப் போத்தலோடு பீலியில் நனைந்து விளையாடிய அதே பிள்ளை, தலவாக்கலையில் மறித்துக் கட்டிய மேல் கொத்மலை அணையைப் பார்க்கும்போது, 2012ஆம் ஆண்டு முதல் 150 மெகாவாட் வரை மின்சாரம் தரும் அத்திட்டத்தில் வேலை செய்வதும் தன் போத்தலில் பாய்ந்த அதே நீரின் அமுக்கமே என்று கண்டுகொள்ளும். தன் பள்ளத்தாக்கின் நீர் நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது என்பதை அறிவது எந்தப் பிள்ளைக்கும் வியப்பே.

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 'சிரட்டையே போதுமே, ஆய்வுகூடம் எதற்கு?' என்று அதிகாரம் கேட்க நாம் இடம் வைத்துவிடக்கூடாது. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி வரலாறு புறக்கணிப்பின் வரலாறு. 1945ஆம் ஆண்டு நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1970களில்தான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் மலையகத்தில் போதாது. போரால் அழிந்த நாடுகளுக்கென்று 1948இல் எழுதிய நூல், மீண்டும் ஆய்வுகூடம் எழும்வரைக்கான ஏற்பாடு. போரே நடவாத தோட்டத்தில் அந்த ஏற்பாடு நிரந்தரமாகிவிடுமானால், அதற்குப் பொறுப்பு எளிமையல்ல, அநீதி. சிரட்டைத் தராசும் வேண்டும். அதனருகே நல்ல ஆய்வுகூடமும் வேண்டும். சிரட்டையில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்கே ஆய்வுகூடத்தின் பெறுமதியும் தெரியும், அது தனக்கு மறுக்கப்பட்டிருப்பதும் தெரியும்.

இந்நூலை எழுதுவோர் யார்? நகரத்து அறிஞர் ஒருவர் அறையிலிருந்து எழுதிக் கொடுக்கும் காரியமல்ல இது. திம்புள்ளைக்கு அண்மையில், பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்து ஆசிரியரானவர்கள் பலர் மலையகமெங்கும் பணிபுரிகின்றனர். அவர்கள் தத்தம் வகுப்பில் ஒவ்வொரு பரிசோதனையையும் செய்து பார்த்து, பிள்ளைகள் கண்டதையும் கேட்டதையும், நூல் பிழைத்த இடங்களையும் எழுதிச் சேர்க்கவேண்டும். கேத்தல், பீலி, கூடை, பேணி, காம்பரா என்ற சொற்கள் அதில் கூச்சமின்றி இடம்பெறவேண்டும். விடைக்கென ஒதுக்கிய இடம் வெறுமையாக இருக்கவேண்டும், பிள்ளை நிரப்பட்டும்.

மண்வாசனை என்று நாம் இலக்கியத்தில் வேண்டிநின்றது வெறும் பேச்சுவழக்கையல்ல. மக்கள் தம் வாழ்வைத் தாமே கண்டறிந்து கூறும் உரிமையை. அதே உரிமையை விஞ்ஞானத்திலும் கேட்போம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாயின் பக்கத்தில் நிற்கும் பிள்ளை, முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. அந்தப் பார்வையைப் பயிற்றுவிக்கும் நூல் எதுவோ, அதுவே நமக்கு வேண்டிய பௌதிக நூல்.